என் மகளின் பேரில் போட்ட பூட்டு

நாட்டில் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்த காலம் முடிந்து, எல்லோரும் ஓரளவு மூச்சுவிடத் தொடங்கியிருந்த நேரம் அது. என் கணவரை அவருடைய நிறுவனம் ஹட்டன் கிளைக்கு மாற்றியது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த நாங்கள், ஒன்றரை வயது மகளையும் ஒரு சின்ன லொறிச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நோர்வூட் பக்கம் ஒரு சிறிய டவுனுக்குக் குடிவந்தோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பயம் காட்டி அனுப்பினார்கள். குளிர் தாங்காது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும், அட்டை கடிக்கும், நல்ல டொக்டர் கிடைக்காது என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர் ஒரு பிரச்சினையாகும் என்று யார்தான் நினைப்பார்கள்?

வீடு டவுன் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருந்தது. வீட்டுக்காரர் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, எந்நேரமும் சிரித்த முகம். வீட்டைக் காட்டும்போது முதலில் அவர் காட்டியது அறைகளை அல்ல, குழாயைத்தான். திறந்துவிட்டு, "மலைத் தண்ணிங்கம்மா. இருவத்திநாலு மணி நேரமும் வரும். தண்ணி பில்லுங்கிற பேச்சே கெடையாது" என்றார். கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ்போல இருந்தது. கொழும்பில் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் நடு இரவில் எழும்பி வாளி நிரப்பிய எனக்கு, அந்தக் குழாயைப் பார்த்ததுமே வீடு பிடித்துவிட்டது. வீட்டின் பின்னால் ஒரு கறுப்பு ஹோஸ் தேயிலைக்குள்ளால் இறங்கி வந்து கூரைமேல் இருந்த தாங்கிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் நன்றாகவே போனது. மகள் அட்டைகளுக்குப் பழகினாள். எனக்குத்தான் பழக நாளாயிற்று. தைப்பொங்கல் முடிந்து மழை விட்டு, பகலில் நல்ல வெயிலும் இரவில் எலும்பைத் துளைக்கும் குளிருமாக மாறியபோது, காலையில் எழும்பிக் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தாங்கி வறண்டு கிடந்தது. பிறகு ஒன்பது மணி போல யாரோ மனம் இரங்கியதுபோல் தண்ணீர் வரும். பின்னேரம் மறுபடி நிற்கும். இருட்டிய பிறகு மறுபடி வரும். இப்படியே ஒவ்வொரு நாளும்.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் காலையில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன பாடு என்று தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. அலம்பாத போத்தல்களும் துவைக்காத துணிகளும் ஒரு மூலையில் குவியும். கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். அந்தக் குவியலோடு வீட்டில் கிடப்பவள் நான்தானே. கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்காரரின் கடைக்கே போய்க் கேட்டேன்.

அவர் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு ஹோஸ் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். கத்தியால் சரிவாக வெட்டிய துண்டு.

"பாருங்கம்மா. மேல லயத்து ஆளுங்க வேல. நானும் ஒட்டி ஒட்டிப் போடுறேன், அவனுங்க அறுத்து அறுத்து விடுறானுங்க. டவுன்காரன் நல்லா இருந்தா பொறுக்காது. தோட்டத்து ஆளுங்க அப்புடித்தான்."

லயம் என்று அவர் சொன்னது மேலே தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகளை. பிறகு குரலைத் தாழ்த்தி, தான் பொலிசில் சொன்னால் இடத்தகராறு என்று தள்ளிவிடுவார்கள், கைப்பிள்ளை இருக்கிற வீடு என்று நான் சொன்னால் உடனே கவனிப்பார்கள் என்றார். "நீங்க ஒண்ணும் அலைய வேணாம். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். கையில் வெட்டிய துண்டு, வீட்டில் ஊறிப்போன துணி. துண்டைத் திருப்பிக் கொடுத்து, சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்குரிய ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் இருக்க முடியாது. மறுநாள் காலையில் குழாய் நின்றதும் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஹோஸைப் பிடித்தபடியே மலை ஏறத் தொடங்கினேன். தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. பனி ஈரத்தில் செருப்பு வழுக்கியது. கொழும்பில் படி ஏறியே பழகிய கால்கள் பாதி வழியிலேயே மன்னிப்புக் கேட்டன. ஆனாலும் கண் மட்டும் ஹோஸைவிட்டு விலகவில்லை. வெட்டிய இடம் எங்கே, ஒட்டிய இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வெட்டும் இல்லை, ஒரு ஒட்டும் இல்லை. அடியிலிருந்து நுனிவரை முழு ஹோஸ்.

அது போய் முடிந்த இடத்தில் ஒரு பீலி. பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றுக்கு ஒரு இரும்புக் குழாய் வைத்திருந்தார்கள். தண்ணீர் விரல் பருமனில்தான் விழுந்தது. அதைச் சுற்றிக் குடங்களும் பெயின்ட் வாளிகளும் பிளாஸ்டிக் கேன்களும் வரிசையாக இருந்தன. வேலைக்குப் போகும் கோலத்தில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். எங்கள் வீட்டு ஹோஸ் கழற்றப்பட்டு, மண் படாமல் ஒரு கல்லின்மேல் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் மனத்தில் அடுக்கிக்கொண்டு வந்த வசனங்களை வாயைத் திறந்து ஆரம்பிப்பதற்குள், முன்னால் நின்ற அம்மா ஒருவர் தன்னுடைய குடத்தை நகர்த்தி வைத்தார்.

"ஏய், வழி விடுங்கடி, கைப்புள்ளக்காரி வந்திருக்கு. வா தங்கச்சி, மொதல்ல நீ புடி. எங்க, வாளி கொண்டாரலயா?"

யாரும் முணுமுணுக்கவில்லை. வரிசை அப்படியே பின்வாங்கியது. ஒரு பெண் தன் வாளியை அலம்பி எனக்காகப் பீலியின் கீழ் வைத்தாள். வயிற்றில் இதே மகளைச் சுமந்துகொண்டு கொழும்பில் கேஸ் வரிசையில் காலையிலிருந்து நின்றவள் நான். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் நின்ற அந்த வரிசையில் ஒருவராவது என் வயிற்றைப் பார்த்து ஒதுங்கியதில்லை. இங்கே வேலைக்கு நேரமாகிற அவசரத்தில் நிற்கிறவர்கள், யார் எவர் என்று தெரியாத எனக்கு இடம் விட்டார்கள். அது அந்தப் பீலியின் வழக்கமாம். கைப்பிள்ளையோடு வருகிறவளின் குடம்தான் முதலில் நிறைய வேண்டும். அதற்கு வரிசை கிடையாது.

நான் வந்த காரணத்தை, குரலை நிறையவே இறக்கிக்கொண்டு சொன்னேன். ஹோஸை ஏன் அறுக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்.

"அறுக்கிறதா? நல்லாப் பாரு தங்கச்சி. கழட்டுறோம், திரும்ப மாட்டி வுடுறோம். எங்க ரெண்டு லயத்துக்கும் இந்தப் பீலி ஒண்ணுதான். மழ நேரம் கடைக்காரரு ஹோஸு குடிச்சது போக மிச்சம் வழிஞ்சிச்சு, நாங்க ஒண்ணும் கேக்கல. இப்ப வெயிலுக்குத் தண்ணி மெலிஞ்சி போச்சு. ஹோஸ மாட்டுனா எங்களுக்குச் சொட்டு இல்ல. அதான் வெள்ளன பெரட்டுல பேரு குடுக்கப் போறதுக்கு முந்தி நாங்க புடிச்சிக்குவோம். கடைசியா போறவ மாட்டி வுட்டுட்டுப் போவா. பின்னேரம் வேல வுட்டு வந்து மறுக்காப் புடிப்போம்."

ஹோஸின் வாயில் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டி ஒன்று இருந்தது. மாட்டிய பிறகு கழன்றுவிடாமல் அதால் இறுக்கிக் கட்டுவார்களாம். அதையும் அவர்கள்தான் தேடிப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் தண்ணீரை நாங்கள் எடுத்துக்கொள்ளும்போது ஏன் திரும்ப மாட்டிவிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கீழே கையைக் காட்டினார். அங்கிருந்து எங்கள் வீட்டின் பின்முற்றம் தெளிவாகத் தெரிந்தது. கொடியில் மகளின் சட்டைகள்.

"முந்தி அந்த வூட்டுல ஆளில்லாதப்ப கழட்டிப் போட்டா போட்டதுதான். இப்ப கொடியில சின்னச் சின்னத் துணியா காயுதே. புள்ள இருக்கிற வூட்டுக்குத் தண்ணிய நிப்பாட்டலாமா? நாங்க பேசி வச்சித்தான் மாட்டி வுடுறோம்."

பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் பிறந்ததே அந்த லயத்தில்தானாம். அதோ கடைசியில் தெரிகிற அறை, அந்தக் காம்பிரா என்று ஒருத்தி காட்டினாள். அவரைத் தூக்கிக்கொண்டு அவருடைய தாய் இதே பீலிக்கு வந்தபோது, இதே மாதிரி வரிசை விலகி வழிவிட்டிருக்கும். பிறகு படித்து, கடை போட்டு, டவுனில் வீடு கட்டி, தோட்டத்து ஆபீசில் யாரையோ பிடித்து ஹோஸைப் போட்டுவிட்டார். இவர்கள் போய்க் கேட்டதற்கு, "டவுன்ல வீடு கட்டுனவனுக்குத் தண்ணி வேணாமா" என்றாராம். தோட்டத்து ஆளுங்க அப்புடித்தான் என்று அவர் சொன்னது என் காதில் திரும்பக் கேட்டது.

இறங்கின வேகத்தில் நேரே கடைக்குப் போனேன். நான் எந்தப் புகாரும் செய்யவில்லை, என் பேரில் எதுவும் சொல்ல வேண்டாம், காலையிலும் பின்னேரமும் தண்ணீர் அவர்களுக்கு, மிச்ச நேரம் வந்தால் எங்களுக்குப் போதும் என்றேன். அந்த வெட்டிய துண்டு எங்கே வெட்டியது என்றும் கேட்டேன். அவருடைய சிரிப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. "நீங்க கொழும்புங்கம்மா. ஒங்களுக்கு இவங்களப் பத்தித் தெரியாது. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவருக்கு ஆணி நிறுக்கத் தொடங்கினார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த நாளுக்கு அடுத்த நாள், காலையில் வழக்கம்போல் நின்று வந்த தண்ணீர் பின்னேரம் நிற்கவே இல்லை. சமாதானமாகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். நாலு மணி தாண்டியிருக்கும், பின்முற்றத்தில் காலடிச் சத்தம். கதவைத் திறந்தால், மேலே பார்த்த அந்தப் பெண்கள். கொழுந்து எடுத்த கறை இன்னும் கையில் இருந்தது. எல்லோரிடமும் வெறும் குடம், வெறும் வாளி. சண்டைக்கு வந்தவர்களாகத் தெரியவில்லை. முன்னால் நின்ற அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லீங்க. நாங்க வேலைக்குப் போயிருந்தப்ப கடைக்காரரு ஆளக் கொண்டாந்து பீலியச் சுத்தி சீமெந்துப் பெட்டி கட்டி, இரும்பு மூடி போட்டுப் பூட்டிட்டாரு. கேட்டா, 'கொழும்புல இருந்து வந்தவுங்க கைப்புள்ளயோட தண்ணி இல்லாமக் கஷ்டப்படுறாங்க, அவுங்களே பொலிசுல சொல்லிட்டாங்க'ன்னாரு. ஒங்க டேப்புல ஆளுக்கொரு வாளி புடிச்சிக்கிறோம்."

இரண்டு நாளைக்கு முன் 'தங்கச்சி' என்று கூப்பிட்டு வா போ என்று பேசியவர், இப்போது 'ங்க' போட்டுப் பேசினார். அவர்களுடைய ஊற்றுத் தண்ணீரை அவர்கள் என்னிடம் வந்து இரந்து நிற்கிறார்கள். அப்படி நிற்க வைத்தது என் மகளின் பேர். நான் அப்படிச் சொல்லவில்லை என்று நூறு தரம் சொல்லலாம், சொல்லி என்ன? முற்றத்துக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். சமையலறைக் குழாயையும் திறந்தேன். உள்ளே வாங்க, உள்ளே வந்து பிடியுங்க என்றேன்.

அப்போதும் பாருங்கள், பின்னால் குழந்தையோடு நின்ற ஒரு சின்னப் பெண்ணை எல்லோரும் சேர்ந்து முன்னால் தள்ளினார்கள். என் முற்றத்திலும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. என் மகளுக்கோ திருவிழா. வழிந்த தண்ணீரில் இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

பாதி வாளிகள் நிறைந்திருக்கும், வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. வீட்டுக்காரரும் ஒரு பொலிஸ்காரரும் இறங்கினார்கள். 'என்னுடைய' முறைப்பாட்டை விசாரிக்கத்தான். முற்றத்தில் பெண்களைக் கண்டதும் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சேர், இப்ப வீட்டுக்குள்ளயே பூந்துட்டாங்க. கைப்புள்ளய வச்சிக்கிட்டு இந்தம்மா என்னா செய்யும்?" என்று பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் சொன்னார்.

கோபம் வந்தால்தான் எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று என் கணவர் கேலி செய்வார். அன்றைக்கு வந்ததுபோல் எனக்குச் சிங்களம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நான் முறைப்பாடு செய்யவில்லை, இவர் செய்தது, அதை நான் வேண்டாமென்று இவருடைய கடையில் வைத்தே சொன்னேன் என்றேன். ஹோஸை யாரும் வெட்டவில்லை, வேண்டுமானால் இப்போதே மேலே போய்த் தடவிப் பாருங்கள் என்றேன். வெட்டிய துண்டு இவருடைய கடை மேசைக்குக் கீழே இருக்கிறது என்றேன். இவர்கள் என் பிள்ளைக்குத் தண்ணீர் விட்டவர்கள், பிடுங்கியவர்கள் அல்ல என்று சொல்லும்போது அழுதுகொண்டேதான் கத்தினேன்.

பொலிஸ்காரர் வயதானவர். சேறாகிக் கிடந்த முற்றத்தையும், வாளிகளையும், அதில் குதிக்கிற என் மகளையும் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், மேலே வேறு தண்ணீர் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அவரும் சிங்களத்திலேயே, இல்லை ஐயா, அது ஒன்றுதான் என்றார்.

பொலிஸ்காரர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "சாவி" என்றார்.

சீமெந்துக்கு ஆன செலவு, ஆபீசில் வாங்கிய அனுமதி என்று வீட்டுக்காரர் என்னென்னவோ சொன்னார். நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். இருட்டுவதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்கள். மிச்சத்தை ஸ்டேஷனில் வந்து பேசச் சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் போனார். அந்தப் பேச்சு இழுபறியாக ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது வேறு கதை. பூட்டு மட்டும் திரும்ப ஏறவில்லை.

போகும்போது வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, "வேற வீடு பாத்துக்கங்கம்மா" என்றார். கணவர் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது முற்றம் வயல்போலக் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். குடிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, திட்டப்போகிறார் என்று பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றைக் கடந்து உள்ளே வந்தவர், "இந்த முறை தண்ணி எங்கயிருந்து வருதுன்னு முதல்ல கேட்டுட்டு வீடு பாப்போம்" என்றார்.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேறொரு வீட்டில் இருக்கிறோம். தண்ணீர் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வராத நாளில் வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் அந்த மலை ஏறுகிறேன். மகள் நர்சரிக்குப் போகிறாள், அதனால் என் வாளியை வரிசையின் கடைசியில்தான் வைக்கிறேன். அந்த அம்மா மறுபடி 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுகிறார். மூடி இல்லாத அந்தச் சீமெந்துப் பெட்டி, குடத்தை வைத்துத் தூக்க வசதியாக இருக்கிறது என்கிறார்கள். வீட்டுக்காரர் கடைவீதியில் கண்டால் இன்றும் அதே சிரிப்போடு "புள்ள சொகமா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் தண்ணீர் விட்டதும் என் பிள்ளைக்காக. அவர் பூட்டுப் போட்டதும் என் பிள்ளைக்காகவாம்.

அதனால்தான் இன்றைக்கும் யாராவது "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்" என்று பேச ஆரம்பித்தால், நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. கையில் இருப்பது வாளியா பூட்டா என்றுதான் பார்க்கிறேன்.